அந்த மெயிலை அனுப்பியது என் மாணவி

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன மாதம் ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு போன் அடித்தது. அந்த நேரத்தில் போன் வந்தால் எங்கள் வயதுக்காரர்களுக்கு முதலில் நெஞ்சுதான் அடித்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த பெண். பெயர் சொல்ல மாட்டேன். உங்களில் சிலருக்குத் தெரிந்தாலும் கமெண்டில் எழுத வேண்டாம்.

"டீச்சர், தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா, சொல்லு."

அதற்கப்புறம் இரண்டு நிமிடம் அழுகை மட்டும்தான் கேட்டது.

விஷயம் இதுதான். அவள் வேலை பார்க்கும் நிறுவனம் கல்லூரிகளுக்காக மெயில் அனுப்பிக் கொடுக்கிற நிறுவனம். ஒரு கல்லூரிக்கு 'கட்டணம் பாக்கி இருக்கிறது, கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது' என்று நினைவூட்டல் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சோதனை. பத்து முகவரி உள்ள ஒரு சோதனைப் பட்டியலுக்கு மட்டும் போக வேண்டும். ஆனால் எந்தப் பட்டியலை எடுப்பது என்று சொல்கிற வரியை அதற்கு முன்பே வேறு யாரோ நிஜப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். இவள் பார்க்கவில்லை. பொத்தானை அமுக்கிவிட்டாள். நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு, கட்டணம் கட்டியவர்கள் கட்டாதவர்கள் எல்லோருக்கும், 'அன்புள்ள பெயர்' என்று ஆரம்பித்து மெயில் போய்விட்டது. பெயர் வர வேண்டிய இடத்தில் 'பெயர்' என்ற சொல்லே நின்றிருக்கிறது. நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட, வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி ஓட விட்டிருக்கிறாள். அது முதல் பெயரிலிருந்து திரும்ப ஆரம்பித்திருக்கிறது. பாதிப் பேருக்கு இரண்டு முறை. தேர்வுக்கு இரண்டே நாள்.

வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. இன்னும் புரொபேஷன். காலையில் எச்.ஆரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி நிரல் எப்படி வேலை செய்கிறது என்று என் தம்பி மகன் ஒரு தடவை விளக்கினான். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். வருகைப் பதிவேட்டை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, "முதல் பெயரைப் படி, அந்தப் பிள்ளையிடம் போய் இந்தச் சீட்டைக் கொடு, அடுத்த பெயருக்குப் போ, பெயர் தீரும் வரை செய்" என்று சொல்வது போல. ஆனால் நிஜப் பிள்ளை என்றால் பத்தாவது சீட்டு கொடுக்கும்போதே, "டீச்சர், இது நம்ம வகுப்பு ரிஜிஸ்டர் இல்லையே, பள்ளிக்கூடம் முழுசுக்கும் உள்ளதாச்சே" என்று திரும்பி வந்து நிற்கும். நிரல் அப்படி வந்து நிற்காது. கையில் கொடுத்த பதிவேடு தீரும் வரை கொடுத்துக்கொண்டே போகும். நடுவில் கீழே விழுந்தால் எது வரை கொடுத்தோம் என்று குறித்து வைத்திருக்காது, குறிக்கச் சொல்லி நாம் சொல்லியிருந்தால் ஒழிய.

மறுநாள் இதை வீட்டில் சொன்னபோது என் தம்பி (வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், கறார் பேர்வழி) "தப்பு தப்புதானே அக்கா, பேங்குல கேஷ் குறைஞ்சா கேஷியர் கைக்காசுதான் போகும்" என்றான். நியாயம்தான். ஆனால் அவனிடமே கேட்டேன்: உன் வங்கியில் புதிதாகச் சேர்ந்த கிளார்க் ஒருத்தர் பெரிய தொகைக்கான காசோலையைத் தனியாகப் பாஸ் செய்ய முடியுமா? முடியாது, மேலே ஆபீசர் கையெழுத்து வேண்டும் என்றான். அப்படியானால் எட்டு மாதம் ஆன ஒரு பெண் ஒரே விசையில் நாலாயிரம் குடும்பத்துக்குக் கடிதம் அனுப்ப முடிகிற இடத்தில் அந்த இரண்டாவது கையெழுத்து எங்கே போனது? தம்பி பதில் சொல்லாமல் காபியை ஆற்றிக் குடித்தான்.

இது ஒன்றும் புதிய தவறும் இல்லை. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்த காலத்திலிருந்தே நடந்து வருகிறது. 1987 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியில் கிளவுஸ்தால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சின்னதாக ஒரு நிரல் எழுதினார். ஓட விட்டால் திரையில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வரும், வாழ்த்து வரும். அதே நேரத்தில் சத்தமில்லாமல் உங்கள் முகவரிப் பட்டியலைப் படித்து, அதில் உள்ள எல்லோருக்கும் தன்னையே அனுப்பி வைக்கும். நண்பர்களுக்கு வாழ்த்துச் சொல்லத்தான் எழுதினார் என்பார்கள். அது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பைக் கடந்து அமெரிக்காவுக்குப் போய், ஐ.பி.எம். நிறுவனத்தின் உள் வலையமைப்பு வரை நுழைந்து அதைத் திணறடித்தது. நம் ஊரில் பொங்கல் வாழ்த்து அட்டை வாங்கி நாலு பேருக்குப் போடுவோமே, அந்த அட்டையே போன வீட்டிலிருந்தெல்லாம் கிளம்பி, அந்த வீட்டுக்காரர்களின் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போனால் எப்படி இருக்கும்? தபால்காரர் கதி?

1993-ல் யூஸ்நெட் என்ற இடத்தில் இன்னொன்று. வேண்டாத செய்திகளை நீக்குவதற்காக ஒருவர் நிரல் எழுதினார். அதில் ஒரு பிழை. அது தான் போட்ட செய்திக்குத் தானே பதில் போட்டு, அந்தப் பதிலுக்கும் பதில் போட்டு, சுமார் 200 செய்திகளைக் கொட்டிவிட்டது. குப்பையை அள்ள வந்த வண்டி கவிழ்ந்த கதை.

இதை எல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், விவரம் தெரிந்தவர்களுக்கே நடந்திருக்கிறது. அன்று இரவு அவளிடமும் இதைத்தான் சொன்னேன். ஆனால் அதோடு விடவில்லை. "உனக்கு வேலை போயிடுமோன்னு பயம். சரி. அந்த மெயிலைப் படிச்ச பிள்ளைங்களுக்கும் இப்ப அதே பயம்தானே? அவங்களுக்கு யார் போன் பண்ணுவாங்க?" என்று கேட்டேன். அழுகை நின்றது. "ஆமா டீச்சர், ஒரு அப்பா வார்டனுக்குப் போன் பண்ணி சண்டை போட்டாராம்" என்றாள். கட்டணம் கட்டிய ரசீதை வைத்துக்கொண்டு எத்தனை வீட்டில் அன்று தூங்கியிருக்க மாட்டார்களோ. கடன் வாங்கிக் கட்டிய வீட்டுக்கு அந்த மெயில் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"இப்பவே திருத்தம் அனுப்புங்க. இரண்டு வரி போதும்" என்றேன். அவளுக்கு அதிகாரம் இல்லை. மேலே கேட்க வேண்டும். மேலே உள்ளவர் அவருக்கு மேலே கேட்க வேண்டும். மறுநாள் பதினொரு மணிக்குத்தான் திருத்தம் போனது. ஆங்கிலத்தில், 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்து, 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று முடிந்த அதே பழைய பாட்டு. நீங்கள் கட்டணம் கட்டியிருந்தால் உங்கள் ஹால் டிக்கெட்டுக்கு ஒன்றும் ஆகாது என்ற ஒரு வரி அதில் இல்லை. படிப்பவருக்கு வேண்டியதே அந்த ஒரு வரிதானே!

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். தவறாக அனுப்ப நாலு நிமிடம், திருத்த பதின்மூன்று மணி நேரம்.

2018 ஜனவரி 13-ஆம் தேதி ஹவாய்த் தீவுகளில் நடந்தது நினைவிருக்கிறதா? காலை 8 மணி 7 நிமிடத்துக்கு எல்லோருடைய கைப்பேசியிலும் ஏவுகணை வருகிறது, பதுங்கிக்கொள்ளுங்கள், இது ஒத்திகை அல்ல என்று எச்சரிக்கை. நடந்துகொண்டிருந்ததோ ஒத்திகை. நிரல் தானாக அனுப்பியதல்ல, ஒத்திகையை நிஜம் என்று நினைத்து ஓர் ஊழியர் அனுப்பிவிட்டார். தவறு என்பது அதிகாரிகளுக்குச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கைப்பேசிகளுக்குத் திருத்தம் போக 38 நிமிடம் ஆனது. தவறாக அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எதுவும் தயாராக வைக்கவில்லை. அந்த மாநில ஆளுநர் தன் ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தனக்குத் தெரியாது என்று பின்னால் ஒப்புக்கொண்டார். (என்னை மாதிரிதான். அந்த விஷயத்தில் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.) அந்த 38 நிமிடத்தில் பிள்ளைகளை எங்கே ஒளித்து வைப்பது என்று அலைந்த தாய் தகப்பன்மார்களை நினைத்துப் பாருங்கள். மூன்றே நாள் கழித்து ஜப்பானில் என்.எச்.கே. ஒளிபரப்பு நிறுவனமும் இதே போல ஏவுகணை என்று தவறான செய்தி விட்டது. ஐந்து நிமிடத்தில் திருத்திவிட்டார்கள். இரண்டுமே தவறுதான். ஆனால் 38-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் பொத்தானை அமுக்கியவரைப் பொறுத்தது இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

2023-ல் நம் தமிழ்நாட்டிலும் பேரிடர் எச்சரிக்கைச் சோதனை என்று எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் ஒரு பாட்டி போனை வாசலில் வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். ஆனால் அதைப் பற்றி முன்னாலேயே செய்திகளில் சொன்னார்கள். வந்த செய்தியிலும் இது சோதனை, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தது. பாட்டியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன், அமைதியாகிவிட்டார். சோதனை என்றால் சோதனை என்று உள்ளேயே எழுதி அனுப்ப எவ்வளவு நேரமாகும்? அவள் அனுப்பிய மெயிலில் 'இது சோதனை' என்று முதல் வரியில் இருந்திருந்தால் பாதிக் கலவரம் நடந்திருக்காது. இதை அவளிடமும் சொன்னேன். அது அவள் தவறுதான்.

சரி, மற்றவர்களை மட்டும் சொன்னால் எப்படி? என் கதையையும் சொல்கிறேன். தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம். தலைமையாசிரியர் விடுப்பில் இருந்ததால் நான் பொறுப்பு. ஊரில் போன் இருந்தது ஒரே ஒரு கடையில். கடைக்காரர் பையனை அனுப்பி, "டீச்சர், நாளைக்கு ஸ்கூல் லீவாம்" என்று சொல்லச் சொன்னார். நான் யார் சொன்னது, எந்த ஒன்றியத்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுற்றறிக்கை நோட்டை எடுத்து 'மழை காரணமாக நாளை விடுமுறை' என்று எழுதி வகுப்பு வகுப்பாக அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் கத்திய கத்தலில் ஓடு பிய்ந்திருக்கும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கடைக்காரரே வந்தார். விடுமுறை பக்கத்து மாவட்டத்துக்கு. நமக்கு மறுநாள் ஏ.இ.ஓ. ஆய்வு!

எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், ஒரு சைக்கிள், ஒரு டார்ச் லைட். மூன்று குடியிருப்புக்கும் வீடு வீடாகப் போனோம். "நான்தான் தப்பா எழுதிட்டேன், நாளைக்கு ஸ்கூல் இருக்கு, பிள்ளைய அனுப்புங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். ஒரு அம்மா, "இதுக்கா டீச்சர் சேத்துல நடந்து வந்தீங்க" என்று கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். இன்னொரு வீட்டில் திட்டும் விழுந்தது. ராத்திரி ஒன்பது மணி ஆகிவிட்டது. மறுநாள் முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டார்கள். என்னோடு வந்த அந்த இரண்டு பேரும் இந்தப் பதிவைப் படிப்பார்கள். ஒருவன் இப்போது தாத்தா ஆகப் போகிறான்.

அன்று நான் 'சுற்றறிக்கைக் கோளாறு காரணமாக' என்று எழுதி ஒட்டியிருந்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்?

இன்னொன்றும் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மெயில்கள் வருகிற முகவரியைப் பாருங்கள். 'நோ ரிப்ளை' என்று இருக்கும். அதாவது, நான் பேசுவேன், நீ பேசாதே. அந்தக் கல்லூரி மெயிலும் அப்படித்தான் வந்ததாம். பயந்துபோன பிள்ளை "சார், நான் கட்டிட்டேன், ரசீது இருக்கு" என்று பதில் எழுதினால் அது கிணற்றில் போட்ட கல். நாலாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பேசுகிற வாய் வைத்திருப்பவர்கள் ஒரு காதாவது வைத்திருக்க வேண்டாமா? ஒரு போன் நம்பர், அதை எடுக்க ஒரு ஆள். இதை நான் வேண்டுகோளாகச் சொல்லவில்லை, சட்டமாகவே ஆக்க வேண்டும் என்கிறேன்.

இயந்திரம் பதில் சொல்வதற்கே ஒழுங்குமுறை எழுதி வைத்திருக்கிறார்கள். விடுப்பில் இருக்கிறேன் என்று தானாகப் பதில் போகும் அல்லவா, அப்படி இரண்டு பேர் விடுப்பில் இருந்தால் இரண்டு இயந்திரமும் 'நான் ஊரில் இல்லை', 'நானும் இல்லை' என்று விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும். அதைத் தடுக்க, தானியங்கிப் பதிலுக்குத் தானியங்கி என்று அடையாளம் போட வேண்டும், அடையாளம் போட்டதற்கு இன்னொரு இயந்திரம் பதில் போடக் கூடாது, ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்றெல்லாம் 2004-லேயே ஆர்.எஃப்.சி. 3834 என்ற ஆவணத்தில் பரிந்துரைத்துவிட்டார்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் காட்ட வேண்டிய மரியாதைக்கு விதி இருக்கிறது. மனிதருக்குக் காட்ட வேண்டியதற்கு இல்லை.

பெறுகிறவர்களையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் ஒருவர் அனுப்பிய சோதனை மெயில், பட்டியல் தவறாக அமைந்ததால் சுமார் 8,40,000 பேருக்குப் போனது. அதோடு முடிந்திருக்கும். ஆனால் "எனக்கு ஏன் வந்தது?", "என்னை நீக்குங்கள்" என்று சில பேர் எல்லோருக்கும் பதில் போட, ஒவ்வொரு பதிலும் மறுபடி எட்டு லட்சம் பேருக்கு. மருத்துவமனை மெயில்கள் எல்லாம் தாமதமாயின. 1997-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்திலேயே சுமார் 13,000 பேர் கொண்ட பட்டியலில் "என்னையும் நீக்குங்கள்", "என்னையும்" என்று எழுதியே மெயில் அமைப்பைப் படுக்க வைத்தார்கள். சிரிக்காதீர்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ தவறுதலாக கேஸ் பில் படத்தைப் போட்டதற்கு, "இது ஏன் இங்கே?" என்று பதினேழு பேர் தனித்தனியாகக் கேட்டது யார்? பெரிய அத்தை உட்பட.

2021 ஜூன் மாதம் அமெரிக்காவில் எச்.பி.ஓ. மேக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏராளமான சந்தாதாரர்களுக்கு ஒரு வெற்றுச் சோதனை மெயில் போய்விட்டது. நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஆமாம், பயிற்சிக்கு வந்தவர்தான் அனுப்பினார், அவருக்கு நாங்கள் துணையாக இருக்கிறோம் என்றும் சொன்னது. அதைப் பார்த்து எத்தனையோ பேர், முன்பின் தெரியாத அந்தப் பயிற்சியாளருக்கு, தாங்கள் வேலையில் செய்த பெரிய தவறுகளை வரிசையாக எழுதித் தேற்றினார்கள். வெறும் மெயில் என்பதால் சிரிக்க முடிந்தது, ஹால் டிக்கெட் என்றால் அப்படிச் சிரித்திருக்க முடியாதுதான். இருந்தாலும் அன்று இரவு எச்.ஆரைப் பார்க்கப் போகிறவளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது முதல் தடவையாக ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது.

அவளுக்கு வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள், புரொபேஷன் மூன்று மாதம் நீண்டிருக்கிறது. அந்த வரியை நிஜப் பட்டியலுக்கு மாற்றிவிட்டுப் போனவரை யாரும் தேடவில்லையாம். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் அவளே போன் செய்தாள். நிரலில் ஒன்று சேர்த்திருக்கிறாளாம். அனுப்புவதற்கு முன்னால் எத்தனை பேருக்குப் போகிறது என்று அது காட்டும், அந்த எண்ணை நாம் கையால் தட்டச்சு செய்தால்தான் கிளம்பும். 10 என்று தட்ட வேண்டிய இடத்தில் 4,000 என்று தட்டச் சொன்னால் கை தானாக நின்றுவிடுமாம். நூறு பேருக்கு மேல் என்றால் இன்னொருவரும் தட்ட வேண்டும். "உங்க தம்பி சொன்ன இரண்டாவது கையெழுத்து டீச்சர்" என்றாள். அவன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். போகட்டும்.

நம் பிள்ளைகளில் நிறையப் பேர் சென்னை, கோவை, பெங்களூரு என்று இந்த மாதிரி வேலையில் இருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் அந்த எண்ணைத் தட்டுகிற ஏற்பாடு உண்டா, தவறாகப் போனால் யாரைக் கேட்காமல் நீங்களே திருத்தம் அனுப்பலாம் என்று விதி உண்டா, கீழே எழுதுங்கள். அவள் படித்துக் கொள்வாள். கட்டணம் பற்றி மெயில் வந்து பயந்துபோன பெற்றோர் யாராவது இருந்தால் நீங்களும் எழுதுங்கள், அதையும் அவள் படிக்கட்டும்.

கமெண்ட் பெட்டியில் எழுதினால் போதும். குடும்பக் குழுவில் போட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்